கூக்கால் பொடி

மூத்திரம் நுரைத்துப் போனால் என்ன செய்யலாம் என்று பண்ணைக்காடு ஜீப் ஸ்டாண்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஜீப்புக்கு ஒரு மருந்து சொல்வார்கள். முதல் ஜீப்காரர் வாழைத்தண்டுச் சாறு என்பார். அடுத்தவர் அவரை முறைத்துவிட்டு மூக்கிரட்டைக் கீரை என்பார். இன்னொருவர் கைப்பேசியை எடுத்து, வெள்ளை அங்கி மாட்டிய யாரோ ஒரு ஆள் நெருஞ்சிமுள்ளைக் கொதிக்கவைக்கும் வீடியோவை உங்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார். டாக்டரைப் பாருங்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவருக்குத்தானே இத்தனை மருந்தும்.

என் அப்பா அப்படிப் பார்த்துவிட்டு வந்தவர். காப்பிக்கொட்டை மூட்டை, மிளகு, வாழைத்தார், அதற்கும் மேலே மனிதர்கள் என்று ஏற்றிக்கொண்டு பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் நடுவே இருபத்தைந்து வருடமாக ஜீப் ஓட்டுகிறவர். அதில் பாதிக் காலம் சர்க்கரையோடு ஓட்டியவர். நான் மதுரையில் உயிர்வேதியியல் படித்துவிட்டு, கொடைக்கானலில் ஒரு சின்ன லேபில் ஊராருடைய ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘எல்லாருதையும் பாக்குற, எனதையும் பாரு’ என்று போன ஐப்பசியில் அவராகத்தான் ஒரு குப்பியை நீட்டினார். சோதனைப் பட்டையை முக்கி எடுத்தேன். புரதத்துக்கான கட்டம் மஞ்சளாகவே நிற்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பச்சையாகிவிட்டது.

சிறுநீரகம் என்பது ஒரு சல்லடை. வேண்டாததை வெளியே விட்டு, வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வருடக்கணக்காகச் சர்க்கரை அதில் ஏறி இறங்கினால் சல்லடைக் கண்கள் பெரிதாகி, பிடித்து வைக்க வேண்டிய புரதமும் ஒழுகத் தொடங்கும். நுரை அதனால்தான். அப்பாவைத் திண்டுக்கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயது கூடுதலாக இருப்பார். பட்டுப் பட்டென்று பேசினார். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டீர்கள், இந்த மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் இந்தக் கிட்னியை ரொம்ப நாள் ஓட்டலாம், உப்பைக் குறையுங்கள், இடுப்பு வலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள். இவ்வளவுதான். அப்பாவும் பெட்டிப்பாம்பாகத் தலையாட்டினார்.

மருந்துக் கடையில் கெட்டது காரியம். கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பிரஷர் மாத்திரைண்ணே” என்றார்.

“எனக்குப் பிரஷரே கெடையாதே!”

அது பிரஷர் மாத்திரைதான், ஆனால் சல்லடையின் மேல் விழுகிற அழுத்தத்தையும் குறைக்கும், அதற்காகத்தான் கொடுத்திருக்கிறார் என்று பேருந்து வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு விளக்கம். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்: “ஒரே மாத்திரை ரெண்டு சோலி பாக்குமாக்கும்? அப்ப நாளைக்கு ஜீப்பையும் அதையே ஓட்டச் சொல்லு.”

சிரிப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் சிரித்துவிட்டு விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது. எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி அப்பாவோடு ஜீப் ஓட்டிய ஒருவர் இருக்கிறார். வாரத்துக்கு இரண்டு நாள் வெள்ளனே முதல் பேருந்தைப் பிடித்துத் திண்டுக்கல் போய், மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு, சாயங்காலம் துவண்டு திரும்புகிறார். இடது கையில் நரம்பு கயிறுபோலப் புடைத்து நிற்கும். அவருடைய ஜீப் தார்ப்பாயை மூடிக்கொண்டு கிடக்கிறது, அதன் மேல் சௌசௌ கொடி படர்ந்துவிட்டது. அப்பா அந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் ஹாரன் அடிக்க மாட்டார். இந்த மாத்திரையை விட்டால் அந்தக் கொடி நம் ஜீப்பிலும் படரும் என்று அப்பாவிடம் நேராகவே சொன்னேன்.

“அவன் மாத்திரை தின்னுதாம்மா கிட்னியே போச்சு” என்றார் அப்பா.

எங்கள் மலையின் மருத்துவ அறிவு மொத்தமும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கம். சர்க்கரை கெடுத்ததை மாத்திரை கெடுத்ததாக எழுதிவிடுவார்கள். கெட்ட பிறகு மாத்திரை போடுவதைக் கண்ணால் பார்க்கிறார்கள். பத்து வருடம் மாத்திரை போடாமல் இருந்ததை யார் பார்த்தார்கள்?

கார்த்திகையில் பொடி வந்தது. அப்பாவின் ஜீப்பில் ஏறிய யாரோ ஒருவர், கூக்காலில் ஒரு வைத்தியர் இருக்கிறார், நுரை மூத்திரத்தைத் தெளியவைக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். மறுநாளே அப்பா வண்டியை மேலே விட்டுவிட்டார். டாக்டரிடம் போக மூன்று வாரம் நாள் பார்த்தவர். திரும்பும்போது இரண்டு கிலோ பொடி, பழுப்புக் காகிதத்தில். ஈரச் சாக்கு வாசனை அடித்தது. ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி. பத்தியம்: கத்தரிக்காய் கூடாது, புளி கூடாது, இங்கிலீஷ் மாத்திரை கூடவே கூடாது. உப்பு? வெள்ளை உப்புதான் கெடுதல், இந்துப்பு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். அம்மா ஒரு டப்பா இந்துப்பு வாங்கிவந்து, இத்தனை நாள் டாக்டருக்குப் பயந்து குறைத்ததையெல்லாம் வட்டியோடு குழம்பில் கொட்டினாள். உப்புக்கு நிறம் மாறினால் குணம் மாறிவிடும் என்று நம்ப இவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குத்தான் ஒரே மாத்திரை ஏன் இரண்டு வேலை செய்கிறது என்று விளக்க ஒரு மலைப்பாதை முழுக்கத் தேவைப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை. சர்க்கரை மாத்திரையை மட்டும் அப்பா நிறுத்தவில்லை. ‘அது பழகிப்போச்சு’ என்றார். வைத்தியருக்குத் தெரியாமல் சர்க்கரை மாத்திரை, டாக்டருக்குத் தெரியாமல் பொடி. இரண்டு பேரையும் ஏமாற்றுவதில் அவருக்குப் பாரபட்சம் இல்லை. கிட்னிக்கான அந்த வெள்ளை மாத்திரை மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் அட்டையோடு கிடந்தது.

இன்னொரு வேடிக்கை என் கணக்கில் வருகிறது. கல்லூரியில் கடைசி வருடம் சிறுபீளையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினேன். பொங்கலுக்கு முதல்நாள் ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் கூரையில் காப்புக் கட்டுவோமே, அந்த வெள்ளைப் பூச்செடிதான். யாரோ எலிக்குக் கொடுத்துப் பார்த்து, கிட்னிக்கு நல்லது என்று எழுதியதைப் படித்து, படம் போட்டு, கைதட்டு வாங்கினேன். அப்போது எனக்கு அப்படி ஒரு உற்சாகம். மலை முழுக்க மருந்து முளைத்துக் கிடக்கிறது, நாம் பறிக்க வேண்டியதுதான் பாக்கி என்று வீட்டில் வந்து பேசித் தீர்த்தேன். எலி வேறு, ஜீப் டிரைவர் வேறு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். இப்போது அப்பா ஜீப் ஸ்டாண்டில் மார்தட்டுகிறார்: “எம்மக சிறுபீளையில பட்டம் வாங்குனவ. பொடியில அதான் முக்கியச் சரக்கு.” என் வாயால் போட்ட விதை, என் வீட்டிலேயே முளைத்தது.

சண்டைக்கு ஆள் சேர்க்கலாம் என்று கொடைக்கானல் பஜாரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களின் தலையில் கட்டுகிற மூலிகைத் தைலக் கடை இல்லை இவருடையது. மூட்டை மூட்டையாய்ச் சரக்கு, கைத்தராசு, பேச்சுக் குறைவு. பொடியைக் கொடுத்து, இது கிட்னியைக் காப்பாற்றுமா என்று கேட்டேன். விரலில் தேய்த்து முகர்ந்தார்.

“சளிக்குக் கேளு, தாரேன். வயித்துக்குக் கேளு, தாரேன். சுகருக்குக்கூட சனங்க கேக்குறாங்க, தாரேன். கிட்னிக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. இருந்திருந்தா எங்க அத்தா மௌத்தாயிருப்பாரா? இந்தக் கடையே அவரு வச்சதுதான்.”

வந்து அப்பாவிடம் சொன்னேன். “யாவாரி அப்படித்தான் சொல்லுவான், அவங்கிட்ட இந்தச் சரக்கு இல்லேல்ல?” என்றார். மருந்து விற்கிறவன் மருந்து இல்லை என்று சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அப்படி ஒரு விசுவாசம்.

தை மாதம் மண்டலம் முடிந்தது. முடிந்ததும் மேலே வந்து சோதனை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வைத்தியரின் விதி. சோதனை என்றதும் எனக்கு மூக்கு வியர்த்தது. விடுப்புப் போட்டுவிட்டு நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். பூம்பாறை, மன்னவனூர் என்று சுற்றிக்கொண்டு நாங்கள் கூக்கால் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. வைத்தியருக்கு வாரத்தில் ஐந்து நாள் பூண்டு விவசாயம், செவ்வாயும் வெள்ளியும் வைத்தியம். பூண்டு காயவைக்கும் கொட்டகையிலேயே எல்லாரும் படுத்தோம். அவர்மீது என்ன கோபம் இருந்தாலும் அந்த ஊர்ப் பூண்டின் வாசனையைக் குறை சொல்ல மாட்டேன்.

விடியும்போதே எழுப்பிவிட்டார்கள். புல்லெல்லாம் உறைபனி. ஏரியின் மேல் புகை. கம்பளி போர்த்திய ஆண்கள் பதினோரு பேர் கொட்டகைக்குப் பின்னால் சரிவில் வரிசையாகப் போய் உட்கார்ந்தார்கள். பெண்களுக்கு எதிர்ப்பக்கம். நான் ஜீப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். காது மட்டும் அங்கே.

சோதனை இதுதான். மருந்து தொடங்குவதற்கு முன் அவரவர் ஊரில், மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். மருந்து முடிந்த பின் இங்கே, இவர் கண்ணெதிரில், மறுபடி பார்க்க வேண்டும்.

“கீழ இருக்கைல எறும்பு வந்துச்சா?” வைத்தியரின் குரல்.

“வந்துச்சுங்க. கட்டெறும்பு. சாரை சாரையா.” என் அப்பா.

“இப்ப?”

“காணோங்க.”

“குனிஞ்சு நல்லாப் பாரு.”

“ஒண்ணுகூட இல்லீங்க!”

“அப்பப் போயிருச்சு. எந்திரி.”

பதினோரு பேருக்கும் போய்விட்டது. அந்தப் பக்கம் பெண்களுக்கும் போய்விட்டது. தைமாதக் கூக்காலில், மனிதனுக்கே விரல் மடங்காத குளிரில், எந்த எறும்பு வளையை விட்டு வெளியே வரும்? இது திருட்டா, முட்டாள்தனமா என்று அந்த நிமிடத்தில் எனக்குப் புரியவில்லை. அப்பா கால் சட்டையில் பனி ஒட்ட, பரீட்சையில் தேறிய பையன் மாதிரி ஓடிவந்தார்.

வீட்டம்மா எல்லாருக்கும் வரக்காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். சர்க்கரை நோயாளிகள் இருபது பேருக்கும் சீனி போட்டு. அந்தச் சீனி டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளி, கொட்டகை வாசலில் பாறை மேல் கொட்டினேன். அதன் மேல் கொஞ்சம் வெந்நீர்.

“பாப்பா என்ன செய்யுது?” என்றார் வைத்தியர். அறுபது வயது, ஒடிசலான ஆள், தலையைச் சுற்றி மப்ளர்.

“எறும்பு வருதான்னு பாக்குறேங்கய்யா. இது மூத்திரங்கூட இல்ல, அசல் சீனி.”

முக்கால் மணி நேரம் நின்றோம். ஒரு எறும்பு வரவில்லை. நான் வெற்றிப் புன்னகையோடு கூட்டத்தைப் பார்த்தேன். வைத்தியர் சீனியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வலது காலைத் தாங்கித் தாங்கி உள்ளே போய்விட்டார். பதில் சொன்னது என் அப்பா.

“பாத்தியாம்மா, இத்தன வருசமா இங்க அரைச்ச மருந்து வாசத்துக்கு இந்த மண்ணையே எறும்பு மிதிக்கறதில்ல.”

கூட்டம் தலையாட்டியது. ஒரு அம்மாள் அந்தப் பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் சோதனை என் கண்ணெதிரே கோயிலாகிவிட்டது.

நோய் திரும்பாமல் இருக்க இன்னொரு மண்டலத்துக்குப் பொடி வாங்கிக்கொண்டுதான் அப்பா வண்டியை எடுத்தார். இறங்கும் வழியில் தொண்டை வறளும்வரை கத்தினேன். எறும்பு வந்தாலும் சொல்வது சர்க்கரையைப் பற்றித்தான், கிட்னி ஒழுகவிடுவது புரதத்தை, அதை எறும்பு சொல்லாது. அப்பா நிதானமாக வளைவைத் திருப்பினார். “கிட்னி கெட்டாத்தான சர்க்கரை வெளிய வரும்? வெளிய வரலேன்னா கிட்னி நல்லாருக்குன்னுதான அர்த்தம்? நீ படிச்சது அவ்வளவுதானா தாயி?” திண்டுக்கல் டாக்டர் வரச் சொன்ன தேதியும் அந்த வாரம்தான். போகவில்லை. வற்புறுத்தி ஒரு குப்பி மட்டும் வாங்கி லேபில் பட்டையை முக்கினேன். ஐப்பசியில் வெளிர்பச்சை. இப்போது கரும்பச்சை. காட்டினேன். “கலர்ப் பேப்பரு” என்றார்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, லேபில் கூட்டம் இல்லாத மத்தியானம். கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திய ஒருவர் நொண்டிக்கொண்டே வந்து, குப்பியை மேசையில் வைத்தார். வலது பாதத்தில் துணிக்கட்டு. ஏதோ ஒரு பெயர் சொன்னார், ஊர் பூம்பாறை என்றார். பட்டையை முக்கினேன். சர்க்கரைக் கட்டம் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போனது. புரதக் கட்டம் அப்பாவுடையதைவிடக் கறுத்த பச்சை. முடிவை எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோது கம்பளி கொஞ்சம் விலகியிருந்தது.

“ஐயா, நீங்க கூக்கால்தான?”

“இல்லம்மா. பூம்பாறை.”

“தை மாசம் ஒங்க கொட்டகை வாசல்ல சீனி கொட்டுனது நாந்தான்.”

அவர் கம்பளியை இறக்கினார். “அந்தச் சீனிப் பிள்ளையா நீ?”

என் நாக்கில் எத்தனை வார்த்தை வரிசை கட்டி நின்றது தெரியுமா! எறும்பைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கலாமே ஐயா, இந்தக் கலர்ப் பேப்பர் ஒங்களுக்கு எதுக்கு, பொடி தீந்துபோச்சா. ஒன்றைத்தான் கேட்டேன், எறும்பைப் பற்றி.

“எனக்கு எறும்பு வந்ததே இல்ல தாயி” என்றார். “பொறந்ததுலருந்து அங்கதான் கெடக்கேன். ஒருநாளும் வந்ததில்ல. அதான் எனக்கு அந்த நோவே இல்லேன்னு இருந்தேன். மம்பட்டி வெட்டுன காயம், மூணு மாசமா ஆறல. எம்மகந்தான் சுகரப் பாருன்னான்.” பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க அய்யாவும் வைத்தியருதான். அவருக்கும் எறும்பு வந்ததில்ல.”

“அவரு எப்படிப் போனாரு?”

“காலு வீங்குச்சு. பெறகு மொகம் வீங்குச்சு. கடேசியில மூத்திரமே...”

சொல்லிக்கொண்டே வந்தவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். திருடன் என்று நினைத்திருந்தேன். அப்பனும் மகனுமாக இரண்டு தலைமுறை, தங்களையே முதலில் ஏமாற்றிக்கொண்டவர்கள். இதில் கைதட்டிச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை. மதிப்பும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தன் பாதத்தில் புண் வந்ததும் லேபுக்கு வரத் தெரிந்த ஆள், என் அப்பாவின் மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்.

முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலைக் காட்டுங்கள், இன்றைக்கே, என்றேன். சரி என்றார். எழுந்தவர் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“ஊர்ல சொல்லிப்புடாத தாயி. மருந்து வாங்க ஒரு சனம் வராது.”

“யாரு ரிப்போர்ட்டையும் யாருகிட்டயும் சொல்ல மாட்டோம். அது இங்க சட்டம்.”

உண்மையைத்தான் சொன்னேன். பதிலுக்கு ஏதோ கேட்கப்போகிறேன் என்று அவர் அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டது அவர் முகத்தில் தெரிந்தது. நான் திருத்தவில்லை.

“எங்கப்பாவுக்குக் கிட்னிக்கு ஒரு மாத்திரை இருக்கு. நீங்க வேண்டாம்னு சொன்னீங்க, நிறுத்திட்டாரு. நான் சொன்னாக் கேக்க மாட்டாரு.”

மேசையில் கிடந்த பேனாவை என் பக்கம் தள்ளினார். “மாத்திரை பேர எழுதிக் குடு.”

“நீங்க சொன்னா மட்டும் கேப்பாரா? நேத்து வரைக்கும் வெசம்னு சொல்லிட்டு?”

“மாத்திரைன்னு ஏன் சொல்றோம்? அனுபானம்னு சொல்லிருவோம்.”

நாட்டு மருந்தை எதோடு சேர்த்துக் கொடுக்கிறார்களோ அதுதான் அனுபானம். சிலதுக்குத் தேன், சிலதுக்கு நெய், சிலதுக்கு வெந்நீர். அனுபானம் தப்பினால் மருந்து வேலை செய்யாது என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“பொடிய வாயில போட்டு, மேல இந்த வெள்ள மாத்திரை ஒண்ணு. இத விட்டுட்டுப் பொடி மட்டும் தின்னா ஈரல் வெந்துபோகும்னு சொல்லிருவோம். ஒரு நாளு விட மாட்டாரு.”

ஒரு நொடி கூட எடுக்கவில்லை அவர் இதைக் கட்ட. நான் ஒரு மலைப்பாதை முழுக்கக் கத்தியும் முடியாதது. பொடியையே நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். “பொடி நின்னா அனுபானமும் நின்னுரும்லம்மா” என்றார். பொடியில் என்னென்ன என்று கேட்டேன். சிறுபீளை, நெருஞ்சி, நாவல் கொட்டை என்று சொல்லிக்கொண்டே போனவர், கடைசியில் “இன்னொண்ணு” என்றார். அது என்ன? சொல்ல மாட்டாராம், குடும்ப ரகசியமாம். ரகசியத்தை எடுத்துவிடுங்கள், மற்றதையும் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம், இந்துப்பும் உப்புதான் என்று சொல்லிவிடுங்கள், இடுப்பு வலி மாத்திரை கூடாது என்றும் சொல்லுங்கள். நான் அடுக்க அடுக்க அவர் விரல் மடக்கிக்கொண்டார். திண்டுக்கல் டாக்டர் சொன்னதையெல்லாம் கூக்கால் வைத்தியர் வாயில் வைத்து அனுப்பினேன். படித்த படிப்புக்கு இதுதான் உபயோகம் என்று கல்லூரியில் யாராவது எழுதிக்கொடுத்திருந்தால் அன்றைக்குச் சிரித்திருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா மேலே போய்விட்டு வந்தார். வந்ததும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்த அட்டையை எடுத்துத் தூசி துடைத்து அம்மாவிடம் காட்டினார். “ஏத்தா, இந்த அனுபானம் எங்க கெடைக்கும்னு கேட்டா, ஒம்மக எழுதி வாங்கிட்டு வந்தாளே அதேதானாம். எல்லாம் அவருக்குத் தெரிஞ்சிருக்கு.” அம்மா இந்துப்பு டப்பாவைப் பரணில் ஏற்றினாள். ஜீப் ஸ்டாண்டில் இன்னும் இரண்டு பேர், வருடக்கணக்காக எட்டிப் பார்க்காத ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கூசாமல் கை நீட்டி அனுபானம் கேட்டிருக்கிறார்கள். நர்ஸம்மா எனக்குப் போன் பண்ணி, “ஒங்கப்பா ஆளுகளுக்கு என்னடி ஆச்சு?” என்றார். தெரியாதுக்கா என்றேன்.

வைகாசியில் திண்டுக்கல்லுக்குப் போனோம். வைத்தியரே போகச் சொல்லிவிட்டார், நான் சொல்லச் சொன்னேன். அதற்கு முதல் வாரம் பட்டை வெளிர்பச்சைக்குத் திரும்பியிருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

“குறைஞ்சிருக்கே. மாத்திரை ரெகுலரா எடுத்தீங்களா?”

“மாத்திரை இல்லீங்கம்மா. அனுபானம்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த கிட்னி படத்தைப் பார்த்தேன். பிறகு அப்பாவை ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், வைத்தியர் குப்பியோடு லேபுக்கு வந்ததைத் தவிர. அப்பா திரும்பி வந்ததும், பொடியை நிறுத்துங்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது என்று டாக்டர் கண்டித்தார். அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ரத்தத்தில் உப்புச் சத்தையெல்லாம் பார்த்துவிட்டு, மாத்திரையை இரண்டாக்கலாம் என்று எழுதினார். அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

“அத வைத்தியரக் கேக்காமக் கூட்ட முடியாதுங்களே.”

டாக்டர் பேனாவை வைத்தார். பிறகு சீட்டைக் கிழித்து என்னிடம் நீட்டினார். “அப்பப் போய்க் கேட்டுட்டு வாங்க. வெரசா.”

ஜீப் பட்டறையில் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை, கூக்காலுக்கு இருக்கிற சொற்பப் பேருந்தில் ஒன்றைப் பிடித்து, கேரட் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனேன். கொட்டகை வாசலில் முப்பது பேர் இருந்தார்கள். வரிசையில் நின்றேன். திண்டுக்கல்லில் ஒரு டாக்டர் படித்துப் பட்டம் வாங்கி எழுதிய சீட்டுக்கு, பூண்டுக் கொட்டகையில் ஒப்புதல் வாங்க.

என் முறை வந்தது. வைத்தியரின் பாதத்தில் சுத்தமான ஆஸ்பத்திரிக் கட்டு. முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கைகளைக் கூப்பினேன்.

“ஐயா, அப்பாவுக்கு அனுபானம் கூட்டணுமான்னு கேக்க வந்தேன்.” சீட்டை இரண்டு விரல் விரித்து அவர் பார்க்கிறபடி பிடித்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். என் நாடியை, என் அப்பாவுக்காக. கண்ணை மூடி, வெகுநேரம்.

“ரெண்டாக்கு” என்றார்.

“பிள்ள கையப் பிடிச்சே அப்பனுக்குச் சொல்றாரு பாரு!” என்று பின்னால் யாரோ ஒரு அம்மாள் உருகினார். நான் குனிந்து கும்பிட்டேன். ஆமாம், கும்பிட்டேன்.

ஏரிக்கரை மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். ஏறி நின்று வீட்டுக்கு அடித்தேன்.

“ரெண்டாம்ப்பா. நாளைலருந்து.”

“அவரே சொன்னாரா?”

“அவரே சொன்னாரு.”

“நாடி பாத்தாரா?”

“பாத்தாரு.”

“அப்பச் சரி” என்றார் அப்பா. “கடையில ரெண்டு அட்ட வாங்கிட்டு வா.”